நீடித்த ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்: இனி துடிப்பைச் சீராக்க முயல வேண்டாம் என்று மருத்துவர் சொன்னால் என்ன பொருள்?

கேள்வி: பொன்னி, கும்பகோணம்

வணக்கம். என் அம்மாவுக்கு வயது 71. எட்டு ஆண்டுகளுக்கு முன் படபடப்பும் மூச்சிரைப்பும் வந்து ஈசிஜி எடுத்தபோது, இதயத் துடிப்பு தாறுமாறாகும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று தெரியவந்தது. மின்னதிர்ச்சி கொடுத்துத் துடிப்பைச் சீராக்கினார்கள். சில மாதங்களில் அது மறுபடியும் தாறுமாறாகிவிட்டது. பிறகு துடிப்பைச் சீராக்க அமியோடரோன் மாத்திரை கொடுத்தார்கள். தைராய்டு பாதிக்கப்பட்டதால் அதையும் நிறுத்த வேண்டியதாயிற்று. இப்போது துடிப்பின் வேகத்தைக் குறைக்க மெட்டோபுரோலாலும் டிஜாக்சினும், ரத்தம் உறையாமலிருக்க அசிட்ரோமும் சாப்பிட்டு வருகிறார். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. மற்றபடி சமையல், கோவில், தோட்டம் எல்லாம் அவரே பார்த்துக்கொள்கிறார்.

சென்ற வாரம் பார்த்த இதய மருத்துவர், இனி துடிப்பைச் சீராக்க முயல வேண்டியதில்லை, இப்படியே பார்த்துக்கொண்டு போகலாம் என்றார். அம்மா அதைக் கேட்டு, தன்னைக் கைகழுவிவிட்டார்கள் என்றே நினைத்துவிட்டார். வீட்டில் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். என் தம்பி, சென்னையில் அப்லேஷன் செய்தால் ஒரேயடியாகச் சரியாகிவிடும் என்கிறான். எதிர்வீட்டுப் பெரியவர் இதே நோய்க்கு, ரத்தம் உறையாமலிருக்க அபிக்ஸபான் என்னும் புதுவகை மாத்திரை சாப்பிடுகிறார். அவருக்கு மாதாமாதம் ரத்தப் பரிசோதனையும் இல்லை, கீரைக்குத் தடையும் இல்லை. அம்மாவுக்கும் அதையே கேட்டு வாங்கலாமா என்று தோன்றுகிறது. சித்தப்பாவோ, இந்த வயதில் இவ்வளவு வீரியமான மருந்து எதற்கு, ஆஸ்பிரின் போதுமே என்கிறார்.

இன்னொன்றும் உண்டு. டொராண்டோவில் இருக்கும் என் அக்கா, அம்மாவை ஆறு மாதம் அங்கே வைத்துக்கொள்ள விரும்புகிறார். இந்த நிலையில் அனுப்பலாமா? அனுபவமும் விவரமும் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: ஓய்வுபெற்ற பொது மருத்துவர், திருநெல்வேலி

பொன்னி அவர்களுக்கு வணக்கம். நேரில் பார்க்காத ஒருவருக்கு மருந்தை மாற்றச் சொல்லும் வழக்கம் எனக்கு இல்லை. ஆனால் உங்கள் மருத்துவர் சொன்னதற்கு என்ன அடிப்படை என்பதை விளக்க முடியும். அம்மாவின் மனக்குறையை அது கொஞ்சமாவது குறைக்கும்.

இந்த நோயில் இதயத்தின் மேலறைகள் சேர்ந்து சுருங்குவதை விட்டுவிட்டு, நிமிடத்துக்கு 350க்கும் மேற்பட்ட ஒழுங்கற்ற மின் அலைகளால் நடுங்கிக்கொண்டே இருக்கின்றன. மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள ஏ.வி. கணு அவற்றில் பெரும்பகுதியை வடிகட்டிவிடுவதால்தான் மனிதர் பிழைத்திருக்கிறார். ஆனால் வடிகட்டி வருவதும் ஒழுங்கற்ற இடைவெளிகளில் வருவதால் நாடி ஒரு கணக்கில் அடங்காமல் துள்ளுகிறது. நடுக்கம் நீடிக்க நீடிக்க மேலறை விரிந்து, அதன் தசையில் நார்த்திசு படிந்து, அந்தத் தசையே நடுக்கத்தைத் தக்கவைக்கும் இடமாக மாறிவிடுகிறது. ஓராண்டைத் தாண்டிய நோயில் துடிப்பைத் திருப்புவது கடினமாவதும், திருப்பினாலும் நிலைக்காமல் போவதும் இதனால்தான்.

உங்கள் தம்பி சொல்லும் அப்லேஷன் உண்மையிலேயே பெரிய முன்னேற்றம். பிரான்ஸின் போர்டோ நகர மருத்துவர்கள் 1998இல், விட்டுவிட்டு வரும் நோயின் பொறி பெரும்பாலும் நுரையீரல் சிரைகளின் வாயில்தான் கிளம்புகிறது என்று காட்டினார்கள். அந்த வாய்களைச் சுற்றித் தழும்பு உண்டாக்கி மின் தொடர்பைத் துண்டிப்பதே இந்தச் சிகிச்சை. நோய் தொடங்கிய புதிதில், மேலறை அதிகம் விரியாதவர்களிடம் நல்ல பலன் தருகிறது. கண்டறிந்து ஓராண்டுக்குள் தாளத்தைச் சீராக்க முனைந்தவர்களுக்குப் பக்கவாதமும் இதயம் சார்ந்த இறப்பும் குறைந்ததை 2020இல் வந்த ஐரோப்பிய ஆய்வு ஒன்று காட்டியது. எட்டு ஆண்டுகள் ஆனவரின் கதை வேறு. அங்கே பொறி சிரையில் மட்டும் இல்லை, மேலறை முழுவதும் இருக்கிறது. மறுபடி மறுபடி செய்ய நேரும், செய்தாலும் நிலைக்கும் என்று யாரும் உறுதி தர மாட்டார்கள்.

தாளத்தைத் திருப்பாமல் வேகத்தை மட்டும் கட்டுக்குள் வைத்திருப்பது இரண்டாந்தர வைத்தியம் என்று எண்ண வேண்டாம். 2002இல் வெளியான ஆய்வொன்றில், நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குத் தாளத்தையும் மற்றவர்களுக்கு வேகத்தையும் குறிவைத்துச் சிகிச்சை அளித்தார்கள். மருந்துகளால் தாளத்தைத் திருப்ப முயன்றவர்கள் கூடுதல் காலம் வாழவில்லை. இன்னொரு பாடமும் அதில் கிடைத்தது: தாளம் சரியாகிவிட்டது என்று நம்பி ரத்தம் உறையாமைக்கான மருந்தை நிறுத்தியவர்களுக்கும் பக்கவாதம் வந்தது.

நீடித்த நோயில் உயிரைக் காப்பது அந்த உறையாமை மருந்துதான். நடுங்கும் மேலறையில் ரத்தம் தேங்கிக் கட்டியாகி, அது மூளைக்குப் போய் அடைத்துக்கொள்வதுதான் இங்கே முதல் ஆபத்து. ஆஸ்பிரின் இதைத் தடுக்கப் போதாது. பர்மிங்காம் மருத்துவர்கள் 2007இல் 75 வயதைக் கடந்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு, அசிட்ரோம் வகையைச் சேர்ந்த வார்ஃபரினையும் ஆஸ்பிரினையும் ஒப்பிட்டார்கள். ஆண்டுக்கு வார்ஃபரின் பிரிவில் 1.8 சதவீதம் பேருக்கும் ஆஸ்பிரின் பிரிவில் 3.8 சதவீதம் பேருக்கும் பெரிய பக்கவாதமோ அதை ஒத்த கேடோ வந்தது. பெரும் ரத்தக்கசிவோ இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. வயதானவருக்கு ஆஸ்பிரின் பாதுகாப்பானது என்னும் நம்பிக்கை, சித்தப்பாவிடம் மட்டுமல்ல, என் காலத்து மருத்துவர்கள் பலரிடமும் இருந்தது.

அபிக்ஸபானைப் பற்றிப் பேசும் முன் ஒரு கேள்வி. அம்மாவின் மைட்ரல் வால்வு, அதாவது இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள கதவு, எப்படி இருக்கிறது? சிறு வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததுண்டா? எக்கோ அறிக்கையில் உள்ளதை அப்படியே இங்கே தட்டச்சு செய்யுங்கள். அதைப் பார்க்காமல் மாத்திரை மாற்றுவதைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்ல மாட்டேன்.

பதில் 2: வைகைக்கரை, மதுரை

நான் மருத்துவர் இல்லை. பல ஆண்டுகளாக இதே நோயோடும் இதே அசிட்ரோமோடும் காலம் தள்ளுபவன். எனக்கு வால்வு சுருங்கியிருக்கிறது. அன்றாடத்தில் உதவும் சிலவற்றைச் சொல்கிறேன்.

கீரையை நிறுத்தச் சொல்லி யாராவது பயமுறுத்தியிருந்தால் அதை நம்ப வேண்டாம். கீரையில் உள்ள வைட்டமின் கே இந்த மருந்துக்கு எதிராக வேலை செய்வது உண்மை. ஆனால் மருத்துவர் அளவு தீர்மானிப்பது நாம் வழக்கமாகச் சாப்பிடும் சாப்பாட்டை வைத்துத்தான். வாரம் இரண்டு நாள் அரைக்கீரை என்றால் எல்லா வாரமும் அப்படியே இருக்கட்டும். மாதக்கணக்கில் கீரையே தொடாமல் இருந்துவிட்டு, தோட்டத்து முருங்கை துளிர்த்தது என்று ஒரே வாரத்தில் பொரியல், அடை, சூப் என்று இறங்கினால்தான் ஐ.என்.ஆர். (இந்த மருந்து எவ்வளவு வேலை செய்கிறது என்பதைக் காட்டும் ரத்தப் பரிசோதனை எண்) சரிந்துவிடும். இதற்கு நேர்மாறானது வயிற்றுப்போக்கு, காய்ச்சல், சாப்பாடு இறங்காத நாட்கள்: அப்போது ஐ.என்.ஆர். ஏறும். அந்த நாட்களில் அடுத்த மாதப் பரிசோதனைக்குக் காத்திராமல் உடனே போய்ப் பார்த்துவிடுவேன்.

மாத்திரையை இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஒரே நேரத்தில் போட்டுக்கொள்கிறேன். காலையில் ரத்தம் கொடுத்தால் மாலைக்குள் முடிவு வந்துவிடும். அளவை மாற்ற வேண்டுமென்றால் அன்றிரவே மாற்றலாம். ஒரு வேளை மறந்துவிட்டால், அதே நாளுக்குள் நினைவு வந்தால் போட்டுக்கொள்ளலாம்; மறுநாள் இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது என்பது எனக்குச் சொல்லப்பட்ட விதி. அசிட்ரோம் ஒரு மில்லிகிராமிலும் இரண்டிலும் மூன்றிலும் நான்கிலும் வருகிறது; கடையில் அட்டையைக் கையில் வாங்கியதும் எத்தனை மில்லிகிராம் என்று படித்துப் பார்த்த பிறகுதான் பணம் கொடுப்பேன்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஊசி. நம் ஊர்களில் முதுகுவலி என்று போனால் இடுப்பில் ஒரு டைக்ளோஃபெனாக் ஊசி போட்டு அனுப்புவது சாதாரணம். இந்த மருந்து சாப்பிடுகிறவருக்கு அது இரட்டைக் கெடுதல்: தசைக்குள் ரத்தம் கசிந்து பெரிதாகக் கட்டிக்கொள்ளும், வலிநிவாரணி வயிற்றிலும் கசிவை உண்டாக்கும். எனக்கு ஒரு முறை அப்படிப் போட்டதில் பிட்டத்திலிருந்து முழங்கால் வரை கருநீலமாகிவிட்டது. அம்மாவின் பையில், அவர் ரத்தம் உறையாமைக்கு மருந்து சாப்பிடுகிறார், தசையில் ஊசி போடக் கூடாது என்று தமிழில் எழுதிய அட்டை ஒன்றை வைத்துவிடுங்கள்.

பொன்னி (கேள்வி கேட்டவர்)

இருவருக்கும் மிக்க நன்றி. அறிக்கையைத் தேடி எடுத்தேன். மைட்ரல் வால்வு ருமாட்டிக் பாதிப்பால் தடித்திருக்கிறது, திறப்பு 1.4 சதுர சென்டிமீட்டர், மிதமான சுருக்கம், இடது மேலறை 56 மில்லிமீட்டர், இதயத்தின் சுருங்கும் திறன் 60 சதவீதம் என்று இருக்கிறது. பன்னிரண்டு வயது வாக்கில் முழங்கால் வீங்கிப் பல வாரம் படுத்திருந்ததாக அம்மா சொல்கிறார். இன்று உட்கார்ந்த நிலையில் நாடியை எண்ணினேன், 96 இருந்தது.

பதில் 3: ஓய்வுபெற்ற பொது மருத்துவர், திருநெல்வேலி

நான் கேட்டதற்குக் காரணம் இதுதான். எதிர்வீட்டுப் பெரியவருக்கும் அம்மாவுக்கும் ஈசிஜியில் தெரிவது ஒன்றாக இருக்கலாம். அடியில் உள்ள நோய் வேறு. அவருக்கு வால்வு நோய் இல்லையென்றால் அபிக்ஸபான் பொருத்தமான மருந்து. சிறு வயதில் மூட்டு வீக்கத்தோடு வரும் ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு இந்த அளவு சுருங்கியவர்களுக்கு அசெனோகூமராலும் (அசிட்ரோமில் இருக்கும் மருந்து) வார்ஃபரினும்தான் இன்றைக்கும் முதல் தேர்வு.

புது மாத்திரைகள் இங்கேயும் ஈடுகொடுக்கும் என்றே பலரும் எதிர்பார்த்தார்கள், நானும்தான். இந்தியா உட்பட 24 நாடுகளில் நாலாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட ருமாட்டிக் இதய நோயாளிகளைக் கொண்டு நடந்த ஆய்வின் முடிவு 2022இல் வந்தது. அபிக்ஸபான் வகையைச் சேர்ந்த ரிவரோக்சபான் சாப்பிட்டவர்களைவிட வார்ஃபரின் வகை மருந்து சாப்பிட்டவர்களிடம் இறப்பு குறைவாக இருந்தது. பெரும் ரத்தக்கசிவும் அதனால் கூடிவிடவில்லை. மாதாமாதம் ரத்தம் கொடுக்கும் தொல்லை அம்மாவுக்கு எவ்வளவு என்பது எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்தத் தொல்லையைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். ஐ.என்.ஆர். 2க்கும் 3க்கும் நடுவில் பெரும்பாலும் நிற்க வேண்டும். கடந்த ஓராண்டு எண்களை ஒரே தாளில் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். பத்தில் ஏழு அந்த எல்லைக்குள் இருந்தால் நன்றாகவே இருக்கிறார் என்று பொருள்.

அமெரிக்காவில் ஃப்ரேமிங்ஹாம் ஊர் மக்களைத் தொடர்ந்து கவனித்தவர்கள் 1978இல் எழுதிய கணக்கு ஒன்று உண்டு: வால்வு நோய் இல்லாத ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் பக்கவாத வாய்ப்பு ஐந்து மடங்குக்கு மேல், ருமாட்டிக் வால்வும் சேர்ந்தால் பதினேழு மடங்குக்கு மேல். சித்தப்பாவிடம் காட்ட வேண்டியது இந்த எண்ணைத்தான். மேலறையின் சிறு பையை மூடும் கருவி பற்றி யாராவது சொன்னாலும், அது வால்வு சுருங்காதவர்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. அம்மாவைப் போன்றவர்களுக்கு அந்தப் பைக்கு வெளியேயும் கட்டி உருவாகும்.

இனி மூச்சிரைப்பு. என் மனம் இதில்தான் அதிகம் நிற்கிறது. சுருங்கிய மைட்ரல் வால்வு வழியாக ரத்தம் கீழறைக்கு இறங்குவது இரண்டு துடிப்புகளுக்கு நடுவிலுள்ள ஓய்வு நேரத்தில். வாசல் குறுகலாக இருப்பதால் இறங்க அதிக நேரம் வேண்டும். நாடி வேகமெடுத்தால் அந்த நேரம்தான் முதலில் குறைகிறது. இறங்காத ரத்தம் நுரையீரலில் தேங்கி மூச்சு வாங்குகிறது. நிரந்தர ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் ஓய்வு நாடி 110க்குள் இருந்தால் போதும் என்று 2010இல் ஒரு டச்சு ஆய்வு சொன்னதைப் பலரும் பின்பற்றுகிறார்கள். ஆனால் வால்வு சுருங்கியவருக்கு அந்தத் தாராளம் ஒத்துவராது. உட்கார்ந்திருக்கும்போதே 96 என்றால் படி ஏறும்போது எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். டிஜாக்சின் ஓய்வில் வேகத்தைக் குறைக்கும், உழைப்பின்போது அவ்வளவு உதவாது. ஆகவே மெட்டோபுரோலால் அளவைக் கூட்ட இடமிருக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாகக் கூட்ட வேண்டாம். டிஜாக்சின் சாப்பிடும் 71 வயதுக்காரருக்குச் சிறுநீரகப் பரிசோதனையும் பொட்டாசியமும் அவ்வப்போது பார்க்கப்பட வேண்டும். குமட்டலும், பார்வையில் மஞ்சளும் வந்தால் அந்த மருந்தின் மீது சந்தேகம் கொள்ளுங்கள்.

இரண்டாவது கேள்வி வால்வைப் பற்றி. 1.4 என்பது பழைய வகைப்பாட்டில் மிதமான சுருக்கம்; இப்போதைய அமெரிக்க வழிகாட்டுதலில் 1.5 அல்லது அதற்குக் கீழே வந்தாலே கடுமையானதாகக் கொள்கிறார்கள். நல்ல வால்வின் திறப்பு நான்கிலிருந்து ஆறு வரை இருக்கும். நாடியைக் கட்டுப்படுத்திய பிறகும் மூச்சு வாங்கினால், ஜப்பானியரான இனோவே 1984இல் அறிமுகப்படுத்திய பலூன் முறையில் வால்வை விரிக்க முடியுமா என்று கேட்கலாம். வால்வில் சுண்ணாம்பு எவ்வளவு படிந்திருக்கிறது, கசிவு உண்டா, உணவுக்குழாய் வழியாக எடுக்கும் எக்கோவில் மேலறையில் ரத்தக்கட்டி தெரிகிறதா என்பவற்றைப் பொறுத்தே அது முடிவாகும். அப்லேஷனுக்குப் பதிலாகத் தம்பி கேட்க வேண்டிய கேள்வி இதுவே.

வீட்டில் நாடி எண்ணும்போது முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்குவது இந்த நோயில் தவறாகப் போகும். மணிக்கட்டுக்கு வந்து சேராத துடிப்புகளும் உண்டு என்பதால், மருத்துவர் நெஞ்சில் கேட்டு எண்ணுவது கூடுதலாக இருந்தால் திகைக்க வேண்டாம். ரத்த அழுத்தக் கருவியிலும் மூன்று முறை எடுத்துச் சராசரியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வாய் கோணல், கை தொங்குதல், பேச்சுக் குழறல் ஆகியவற்றில் எது வந்தாலும் உள்ளூரில் காட்டிவிட்டுப் போகலாம் என்று நிற்காமல் 108ஐ அழையுங்கள். எத்தனை மணிக்குத் தொடங்கியது, கடைசி அசிட்ரோம் எப்போது, கடைசி ஐ.என்.ஆர். எவ்வளவு என்று எழுதிக் கையோடு கொடுங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போடலாமா கூடாதா என்பதை அவைதான் தீர்மானிக்கும்.

பதில் 4: மருந்தாளுநர், டொராண்டோ

கனடா பயணம் பற்றி மட்டும் சொல்கிறேன். மற்றதை ஐயா சொல்லிவிட்டார். மூச்சிரைப்புக்கு ஒரு முடிவு கண்டு, ஐ.என்.ஆர். நிலையாக நின்ற பிறகு டிக்கெட் போடுவது நல்லது.

இங்கே வழக்கத்தில் உள்ளது வார்ஃபரின். அதுவும் அசெனோகூமராலும் ஒரே குடும்பம் என்றாலும் மில்லிகிராமுக்கு மில்லிகிராம் சமம் இல்லை. வார்ஃபரின் ஏறக்குறைய இரண்டு மடங்கு தேவைப்படும். அம்மாவின் மாத்திரை தீர்ந்துவிட்டது என்று இங்கிருக்கும் யாரோ ஒருவரின் வார்ஃபரினை அதே எண்ணில் கொடுத்துவிடக் கூடாது. ஆறு மாதத்துக்கும் போதுமான மாத்திரைகளை, மருந்துப் பெயர் எழுதிய மருத்துவர் கடிதத்தோடு கொண்டுவர முடியுமா, எத்தனை நாளைக்கு அனுமதி என்று புறப்படும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். ஐ.என்.ஆர். பார்ப்பதற்கு இங்கே மருத்துவரின் எழுத்து வேண்டும். நினைத்தபோது ஆய்வகத்துக்குள் நுழைந்து ரத்தம் கொடுக்க இயலாது. ஆகவே உங்கள் அக்கா தம் குடும்ப மருத்துவரிடமோ அருகிலுள்ள கிளினிக்கிலோ முன்கூட்டியே பேசிவைக்கட்டும். வந்து சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒரு முறை பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் சாப்பாடு மாறும். பயணக் காப்பீட்டில் வால்வு நோயையும் இந்த நோயையும் மறைக்காமல் எழுதுங்கள். மறைத்ததால் பணம் மறுக்கப்பட்ட குடும்பங்களை இங்கே பார்த்திருக்கிறேன்.

குளிர்காலத்தில் வந்தால் சளிக்கும் மூட்டுவலிக்கும் கடையில் கிடைப்பதை யாராவது வாங்கிக் கொடுப்பார்கள். ஐபுபுரோஃபென் கலந்தவை வேண்டாம். பாரசிட்டமால் கொடுக்கலாம், ஆனால் தொடர்ந்து பல நாள் கொடுத்தால் அதுவும் ஐ.என்.ஆரை ஏற்றும். மூக்கடைப்புக்கான மாத்திரைகளில் நாடியை வேகமாக்கும் சூடோஎஃபெட்ரின் இருக்கும், அதைத் தவிர்க்கவும். குழம்பில் போடும் மஞ்சளுக்குத் தடை இல்லை, குடுவையில் விற்கும் மஞ்சள் சாற்று காப்சூல் வேண்டாம். ஆன்டிபயாட்டிக் எது எழுதினாலும் உறையாமை மருந்து சாப்பிடுவதை முதலில் சொல்ல வேண்டும். மெட்ரோனிடசோலும், சிறுநீர்த் தொற்றுக்குத் தரும் கோ-டிரைமாக்சசோலும் ஐ.என்.ஆரைக் கிடுகிடுவென்று உயர்த்துபவை.

விமானத்தில் மாத்திரையையும் ஐ.என்.ஆர். குறிப்பேட்டையும் கைப்பையில் வையுங்கள். நேர மாற்றத்தால் குழம்ப வேண்டாம்: பயண நாளில் இந்திய நேரப்படி போட்டுக்கொண்டு, வந்து சேர்ந்தபின் ஓரிரு நாளில் இங்கத்திய இரவுக்கு நகர்த்திக்கொள்ளலாம். எந்த மணிக்கு என்பதைப் புறப்படும் முன் உங்கள் மருத்துவரிடமே எழுதி வாங்கிவிடுங்கள்.